ஆறு மணி வரைக்கும்

அம்மாவுக்கு வந்த புற்றுநோயின் பெயரை நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மார்பு, கர்ப்பப்பை, ரத்தம் என்றால் ஆளுக்கொரு சொந்தக்காரர் கதை கையில் வைத்திருப்பார்கள். கேட்காமலே எடுத்து விடுவார்கள். இது தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு சுரப்பி. குழந்தைப் பருவத்தில் வேலை செய்துவிட்டு, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிப் போய்விடுமாம். ஐம்பத்திரண்டு வயதில் அம்மாவுக்கு அங்கே ஒரு கட்டி. "தைராய்டா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் கொண்டுவந்த ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வருடம் அம்மா இருமிக்கொண்டே இருந்தாள். தானே புயல் அடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நெய்வேலியில் இருமுகிறவளை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் படியும் நிலக்கரித் தூசியில் விரலால் பெயர் எழுதலாம். அப்பா "டஸ்ட்டு" என்றார். பண்ருட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த நானும் போனில் "டஸ்ட்தாம்மா, வெந்நீர் குடி" என்றேன். டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே இருந்த ஒரு கிளினிக்கில் அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். காலையில் எழுந்தால் அம்மாவின் முகம் உப்பியிருக்கும். "தூக்கம் ஜாஸ்தியாயிடுச்சி" என்று அதையும் அவளே சமாளித்துக்கொண்டாள். கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் எக்ஸ்ரே, சி.டி., சென்னை, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தது என்று எல்லாம் வரிசையாக நடந்தன.

சென்னையில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னாராம். இது அபூர்வமான வகை, அவரே சில பேருக்குத்தான் பார்த்திருக்கிறார். கட்டி எவ்வளவு பெரியது என்று சி.டி. காட்டிவிட்டது. அது இருக்கிற இடத்தோடு நின்றிருக்கிறதா, வேறு எங்காவது போயிருக்கிறதா என்று தெரிந்தால்தான் அறுவையா, மருந்தா என்று முடிவு செய்ய முடியும். அதற்கு பெட் ஸ்கேன். உடம்புக்குள் கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய்க்குச் சர்க்கரைப் பசி அதிகம். எங்கெங்கே அது உட்கார்ந்து தின்கிறதோ அங்கெல்லாம் படத்தில் புள்ளி விழும்.

"அபூர்வமான வியாதியாம்டி எனக்கு" என்று அம்மா போனில் சிரித்தாள். "இத்தினி வருசத்துல எனக்குன்னு அபூர்வமா வந்தது இது ஒண்ணுதான்."

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அனல் மின் நிலையத்தில் பாய்லர் மெயின்டனன்ஸில் ஃபோர்மேன். பாய்லருக்குள் ஓடும் குழாய்களை வெல்டிங் செய்தால், அந்த ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பார்கள். நமக்கு எக்ஸ்ரே எடுப்பது போலத்தான். குழாய்க்கு எடுக்கக் கதிர்வீச்சுப் பொருளை ஒரு ஈயப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதை எல்லோரும் 'சோர்ஸ்' என்பார்கள். சோர்ஸ் வந்தால் அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் கறுப்புப் பட்டை கட்டி, சிவப்பு விளக்கு போட்டு, ஆட்களை வெளியேற்றிவிட வேண்டும். அந்தப் பட்டையைக் கட்டி ஆட்களை விரட்டும் வேலை பல வருடமாக அப்பாவுடையது. அதற்காக மூன்று நாள் வகுப்பு போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தார். ஹாலில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அது ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தது. கதிர்வீச்சு என்று யார் பேச்செடுத்தாலும் எங்கள் பிளாக்கில் அப்பாதான் அத்தாரிட்டி.

ஸ்கேன் எடுத்தது என் வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால். எனக்கு ஏழாம் மாதம். வளையல்களை அம்மாவே இருமிக்கொண்டு பண்ருட்டி கடைத்தெருவில் ஏறி இறங்கி வாங்கி, என் மாமியார் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பச்சையும் சிவப்பும் கலந்து, எனக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று என் கையைப் பிடித்துப் பார்த்து வாங்கியவை. வளைகாப்பு முடிந்ததும் வழக்கப்படி என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

சென்னையிலிருந்து திரும்பும் வழியிலேயே அப்பா போன் செய்தார்.

"அம்மா வளைகாப்புக்கு வர முடியாது பாப்பா. ஒடம்புல சோர்சு ஏத்தியிருக்காங்க. நீ ஏழு மாச வயித்த வெச்சிகினு இருக்கற. கிட்டவே வரக்கூடாது."

"எத்தனை நாளைக்குப்பா?"

"நாளா? மாசக் கணக்கு பாப்பா அது. ரெண்டரை மாசம் ஆனாத்தான் பாதியே ஆவும். அஞ்சு மாசத்துல கால். ஒரு பத்து மாசம் போச்சின்னா தைரியமா கிட்ட போவலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. மின் நிலையத்தில் அவர் பார்த்த சோர்ஸ் அப்படிப்பட்டதுதான். அது பாதியாகக் குறைய இரண்டரை மாதம் ஆகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் அதை மறக்காமல் வைத்திருந்தார். உலகத்தில் உள்ள கதிர்வீச்செல்லாம் அந்த ஈயப் பெட்டிக்குள் இருந்ததுதான் என்று நினைத்துவிட்டார்.

அவரை விடுங்கள். நான் பி.எஸ்சி. இயற்பியல். விருத்தாசலத்துக்கு மூன்று வருடம் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தவள். ஒவ்வொரு பொருளுக்கும் அரை ஆயுள் வேறு வேறு, சிலவற்றுக்கு நொடிக் கணக்கு, சிலவற்றுக்குக் கோடி வருடக் கணக்கு என்று பத்து மார்க் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். "எந்தப் பொருளைப்பா ஏத்தினாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வயிற்றில் குழந்தை உதைத்தது, எனக்குப் பயமாக இருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தள்ளி இரு என்று நான் என் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்பாவே சொல்லிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வளைகாப்பில் அம்மா இடத்தில் நின்று எங்கள் நெய்வேலி எதிர்வீட்டு அக்கா எனக்கு வளையல் போட்டார். பாவம், நல்ல மனுஷி. என் கையில் வளையலை ஏற்றும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் அவரை அதட்டினார்கள், நல்ல காரியத்தில் அழுவதா என்று. அம்மா அந்த நேரம் நெய்வேலியில் கட்டிலில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் அனுப்பிய போட்டோக்களை எதிர்வீட்டு அக்காவின் மகள் போனில் பார்த்தாளாம். எங்கள் பிளாக்குக்கு வாட்ஸ்அப் வந்த புதிது.

அன்று சாயங்காலம் என்னை நெய்வேலிக்கு அழைத்து வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது அந்தப் பட்டைதான். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம், தோட்டத்தை ஒட்டி, ஷீட் போட்ட ஓர் அறை உண்டு. அதில் பழைய சாமான்கள் கிடக்கும். அப்பா அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, அம்மாவின் கட்டிலைப் போட்டிருந்தார். பின்வாசல் நிலையில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக மஞ்சள் கறுப்புப் பட்டை. பாய்லரைச் சுற்றிக் கட்டுவார்களே, அதே பட்டை. பிளாண்டிலிருந்து ஒரு சுருள் கொண்டுவந்திருந்தார்.

பட்டைக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் அம்மா நின்றிருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"வந்தியாடி? வளையல தூக்கிக் காட்டு" என்றாள்.

நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "ஆட்டு, சத்தம் கேக்கட்டும்" என்றாள். ஆட்டினேன்.

எனக்கு எழுதவே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் அப்பாவை அரக்கன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த ஷீட் அறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்தவர் அவர். "எனக்கென்னா, பாதி கட்ட வெந்தாச்சி" என்பார். அவளுக்குக் கஞ்சி வைத்து, துணி துவைத்து, வாந்தி எடுத்தால் சட்டியைப் பிடித்து, ஷிப்டுக்கும் போய்வந்தார். பயமெல்லாம் எனக்காகவும் என் வயிற்றுக்காகவும்தான். அவர் கொடியவராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவ்வளவு பாசமாகத் தப்புச் செய்கிறவரிடம் என்ன பேசுவது?

சில நாளில் ஸ்கேன் படம் கூரியரில் வந்தது. வெள்ளையில் ஒரு மனித உருவம், உள்ளே கறுப்புக் கறுப்பாக. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அப்பா பொறுக்கவில்லை. அந்தப் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெல்டிங் படம் பார்க்கிற மாதிரியே பார்த்தார். வெல்டிங் படத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் ஒட்டில் ஓட்டை என்று அர்த்தம். அந்தக் கணக்கில் அம்மாவின் உடம்பைப் படித்தார். தலை முழுக்கக் கறுப்பு. இதயம் கறுப்பு. அடிவயிற்றில் பெரிதாக ஒரு கறுப்பு. படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எனக்குக் கேட்டது.

சென்னை போனபோது டாக்டர், மூளையும் இதயமும் எல்லோருக்குமே சர்க்கரை தின்னும், மருந்து வெளியேறுவதால் மூத்திரப்பை கறுப்பாகத்தான் தெரியும், அதெல்லாம் நோய் இல்லை என்று விளக்கினாராம். உண்மையான புள்ளிகள் வேறு. நெஞ்சில் பெரியது. ஈரலில் இரண்டு. இடுப்பெலும்பில் ஒன்று. நான்காம் நிலை. அறுவை இல்லை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும்.

"தலைல ஒண்ணும் இல்லியாம் பாப்பா" என்றார் அப்பா திரும்பி வந்து. நான்காம் நிலை என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிளாண்டில் கற்றதை வைத்து அவர் ஒன்றைத் தப்பாகப் படித்தார் என்று கண்ணெதிரே தெரிந்துவிட்டது. அப்படியானால் இன்னொன்றும் தப்பாக இருக்கலாமே என்று ஒரு படித்த பெண்ணுக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. நான் ஹாலில் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு குங்குமப்பூ போட்ட பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக் காலண்டரில் அப்பா கணக்கு வைத்திருந்தார். ஸ்கேன் எடுத்த தேதியைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டரை மாதம் தள்ளி 'பாதி' என்று எழுதியிருந்தார். அந்தப் பாதி தேதிக்கு நான்கு நாள் முன்னால் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு அம்மா வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டு அக்காதான் ஆலம் சுற்றினார். பட்டைக்கு அந்தப் பக்கம் தலைமுடி கொட்டிப்போன அம்மா துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தையைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரி என்று எட்டிப் பார்த்தாள். ஆறு ஏழு அடி தூரத்திலிருந்து பச்சைக்குழந்தையின் காது யார் மாதிரி என்று எப்படித் தெரியும்? "எங்கம்மா காது" என்றாள்.

குழந்தைக்கு மூன்று வாரம் ஆனபோது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டாவது ஸ்கேன். கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அப்பா காலண்டரில் பழைய வட்டத்தை அடித்துவிட்டுப் புது வட்டம் போட்டார்.

"மறுபடியும் மொதல்லேர்ந்துதான்" என்றார். "என்னா பண்றது? நல்லதுக்குத்தானே."

பிளாக்கில் மற்றவர்கள் அப்பா சொன்னதற்கு மேலே போனார்கள். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை இருக்கிறவள் வரவில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறவள் வரவில்லை. பால்காரர்கூடப் பையை கேட்டில் தொங்கவிட்டுப் போனார். வேலியோரம் நின்று "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு நகர்வார்கள். "அவரே சொல்லிட்டாரு, அவருக்கு அதே வேலதான பிளாண்ட்டுல" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அம்மா பின்னால் கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சத்தமாக ரேடியோ வைத்துக்கொள்வாள்.

குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள் நான், அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். தட்டில் சோற்றைப் போட்டுப் பட்டைக்குக் கீழே நகர்த்தி வைப்பேன். நான் நகர்ந்ததும் அவள் வந்து எடுத்துக்கொள்வாள். பால் கொடுக்கிறவள் இல்லையா, நானும் கிட்டே போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. பதினொரு மாதம் என் அம்மாவின் கையை நான் தொடவில்லை. அதை எழுதும்போது என் கை எனக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது ஸ்கேன் வந்தபோது குழந்தைக்கு ஒன்பது மாதம். இருமல் திரும்பியிருந்தது. அப்பாவின் பிளாண்டில் யூனிட்டை நிறுத்திப் பிரித்துப் பழுது பார்க்கும் ஓவர்ஹால் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் லீவு கேட்கவே முடியாது. "நீ இட்டுகினு போ பாப்பா. புள்ளைய எதிர்வூட்டுல வுட்டுட்டுப் போ. ஸ்கேன் முடிஞ்சி வரும்போது கார்ல நீ முன்னாடி குந்திக்க, அம்மா பின்னாடி குந்திக்கட்டும். ரெண்டு நாளைக்குப் புள்ளைக்குப் புட்டிப்பால் குடு" என்று ஏற்பாடெல்லாம் செய்துகொடுத்தார்.

வாடகைக் காரில் விடியற்காலையே கிளம்பினோம். அங்கே அம்மாவுக்கு எல்லாம் பழக்கம். வெறும் வயிறு, சர்க்கரை பரிசோதனை, ஊசி, அப்புறம் ஒரு மணி நேரம் தனி அறையில் பேசாமல் அசையாமல் உட்கார வேண்டும். பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையை இழுத்துப் படத்தில் தப்பாகத் தெரியுமாம். அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசாமல் தனியாக உட்கார்ந்திருப்பது அவளுக்குச் சிரமமாகத் தெரியவில்லை.

ஸ்கேன் முடிந்ததும் டெக்னீஷியன் பெண் ஒரு காகிதம் கொடுத்தாள். என்னைவிடச் சின்னவள்.

"நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க மேடம். வீட்ல கைக்குழந்தை, கர்ப்பிணி யாராவது இருக்காங்களா?"

"ஒன்பது மாசக் குழந்தை இருக்கு."

"அப்ப ஆறு மணி வரைக்கும் அம்மா தூக்க வேணாம். அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

"ஆறு மணின்னா?"

"இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி மேடம்."

"அதுக்கப்புறம்? நாளைக்கு?"

"நாளைக்கு என்ன மேடம்?" அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "இது ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும். ராத்திரிக்குள்ள ஒண்ணுமே இருக்காது. பேப்பர்ல தமிழ்லயே போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. பெரிய எழுத்தில், கோடு இழுத்து. 'இன்று ஒரு நாள் மட்டும்.'

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம். அப்பாவின் காலண்டரில் இரண்டரை மாதம்.

காரில் நான் முன்னால் உட்காரவில்லை. பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கதவோரமாக ஒதுங்கினாள். திண்டிவனம் வரும் வரைக்கும் அந்தக் காகிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் காகிதத்தை அவள் மடியில் வைத்தேன்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "மொத தடவையே குடுத்தாங்கடி. வாயாலயும் சொன்னாங்க."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பேஷண்ட்டு பயப்படக்கூடாதுன்னு அப்பிடித்தான் சொல்லுவாங்க, எனக்குத் தெரியாதான்னாரு. பிளாக்கு பூராவும் சொல்லிட்டு வந்துட்டாரு. அப்புறம் அவர்கிட்ட என்னத்த மல்லுக்கு நிக்கறது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? ஏம்மா சொல்லல?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினாள். இருமல் நின்றதும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவரு சொன்னத நான் நம்பலடி. அவரு எட்டாவது வரைக்கும்தான். நீ காலேஜ்ல அதையே படிச்சவ. நீயே பட்டைய தாண்டாம நிக்கற. அப்ப ஆஸ்பத்திரில சொல்லாத ஏதோ ஒண்ணு இருக்குதுன்னு நெனச்சிகினேன். ஒன்னப் பாத்துத்தான் நம்புனேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கறுத்துக் கயிறாகியிருந்தது. நெய்வேலி வரும் வரைக்கும் விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. அப்போதே குழந்தையைத் தூக்கி வந்து மடியில் கொடுக்கிறேன் என்று நின்றேன். அம்மாதான் கேட்கவில்லை. "இன்னிக்கு வாணாம். ஒரு நாளு முழுசா தாண்டட்டும். எதுக்கு வம்பு? இத்தினி மாசம் பொறுத்தாச்சி." இந்த வீட்டில் கடைசி வரைக்கும் எல்லோருமே ஜாக்கிரதையானவர்கள்.

அந்த ஸ்கேனின் ரிப்போர்ட் நான்கு நாள் கழித்து வந்தது. மருந்து தோற்றுப்போயிருந்தது. முதுகெலும்பு முழுக்கப் புள்ளி. அதற்குப் பிறகு அம்மா ஏழு வாரம் இருந்தாள்.

ஆனால் மறுநாள் காலை எங்களுக்கு அது தெரியாது. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும் முன் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார்.

"எங்கிட்ட யாரும் இத சொல்லவேயில்லியே" என்றார்.

அம்மா முற்றத்தில் நின்றிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று மிகச் சின்னதாகத் தலையை அசைத்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்பா போய்ப் பட்டையை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க நேரம் ஆனது. அறுத்தெறிந்திருக்கலாம்.

அம்மா வீட்டுக்குள் வந்து ஹாலில் உட்கார்ந்தாள். சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் கழுவியிருந்தாள். மடியில் ஒரு சுத்தமான துணியை விரித்துக்கொண்டாள். நான் குழந்தையைக் கொண்டுவந்து அந்த மடியில் வைத்தேன்.

குழந்தை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். மயிரில்லாத தலை, புருவமில்லாத கண், உப்பிய கன்னம். ஒன்பது மாதத்தில் குழந்தைகளுக்கு வேற்று முகம் தெரிய ஆரம்பித்துவிடும். வீல் என்று அலறினாள். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். அம்மா தட்டிக்கொடுத்தாள், கன்னத்தைத் தொட்டாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தொடத் தொட அழுகை ஏறியது. மூச்சுப் பிடித்துக்கொண்டு முகம் கறுத்தது. அப்பா சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார்.

"வுடு" என்றாள் அம்மா. "புள்ளைய அழ வெக்காத. தூக்கிக்க."

"கொஞ்ச நேரம் இரும்மா, பழகிடுவா."

"தூக்கிகினு பின்வாசலாண்ட போயி நில்லுடி. அங்கேர்ந்து பாத்தாத்தான் அவளுக்கு என்னைய அடையாளம் தெரியும்."

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பட்டை இருந்த பின்வாசலுக்குப் போய் நின்றேன். அம்மா ஹாலில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்தி, அவளைப் பார்த்துச் சிரித்தாள்.